சோளத்தட்டுக் கஷாயம்

முற்றிய சோளத்தட்டை உலர்த்தி, தீவனம் வெட்டும் எந்திரத்தில் கொடுத்து, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்க வேண்டும். ஒரு கிலோ தட்டுக்குப் பத்து லிட்டர் தண்ணீர். 24 மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் ஒரு தண்ணீர் இறங்கும். அதை அண்டாவில் ஊற்றி, இருபதில் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்ச வேண்டும்.

பாட்டி வைத்தியக் குறிப்பு போலத் தோன்றும் இது, பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் உள்ள செய்முறை. கிடைக்கும் கஷாயத்துக்கு அங்கே ‘சோர்காப்’ என்று பெயர். சோளத்தின் தண்ணீர் என்று பொருள். கோதுமை வயலில் தெளித்தால் களைகள் குன்றிப்போகின்றன என்பதுதான் அதன் பெருமை.

அந்த ஊர் இப்படியொரு ஆராய்ச்சிக்குப் பொருத்தமான இடம். பழைய பெயர் லயல்பூர். ஆங்கிலேயர் காலத்தில் கால்வாய் வெட்டிப் புதிதாகக் குடியேற்றிய பாசனப் பகுதி; அங்கே வேளாண் கல்லூரி வந்தது 1906-ல். கோடையில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளம், நவம்பரில் கோதுமை என்பது அங்குள்ள உழவர்களின் வழக்கம். கோதுமையோடு சக்கரவர்த்திக் கீரை முதல் ஃபாலாரிஸ் மைனர் வரை ஒரு களைப் பட்டாளமே முளைக்கும். இந்த ஃபாலாரிஸ் மைனர் என்ற புல் இளம்பருவத்தில் கோதுமையைப் போலவே இருப்பதால், கைக்களை எடுப்பவர் கண்ணுக்குக்கூடத் தப்பிவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஹரியானாவில், பல ஆண்டுகள் ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லியையே அடித்து அடித்து, 1990-களின் தொடக்கத்தில் அந்தப் புல் மருந்துக்கு மசியாமல் போனது. மருந்து கேட்காத களை வந்துவிட்டால் வேறு வழிகளைத் தேடித்தானே ஆக வேண்டும்?

பைசலாபாத்தில் சாகித் அட்டா சீமாவும் அவருடைய சகாக்களும் 1990-களிலிருந்து செய்துவந்த வயல் சோதனைகளில், கோதுமைமேல் சோர்காப் தெளித்தபோது களைகளின் உலர் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைந்தது. விளைச்சலும் கூடியது. நல்ல களைக்கொல்லி ஒன்று வயலைக் கிட்டத்தட்ட துடைத்துவிடும் என்பதை நினைத்தால் இது சுமாரான மதிப்பெண்தான். ஆனால் கடையில் வாங்காத, கொல்லையில் கிடக்கும் தட்டிலிருந்து வந்த சாறு இவ்வளவு செய்கிறது என்றால் அலட்சியப்படுத்தவும் முடியாது.

ஒரு செடி இன்னொன்றைக் கெடுக்கும் என்ற எண்ணம் புதிதல்ல. கிரேக்கத்தின் தியோஃப்ரஸ்டஸ் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கொண்டைக்கடலை களைகளை ஒழிக்கும், அதிலும் நெருஞ்சியை விட்டுவைக்காது என்று எழுதிவைத்தார். ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் 1937-ல் இதற்கு ‘அல்லெலோபதி’ என்று பெயர் சூட்டினார். சோளத்தைப் பற்றிய புகாரும் பழையதுதான்: சோளத்துக்குப் பின் விதைக்கும் பயிர் சோர்ந்து நிற்பதைப் பற்றி 1924-லேயே அமெரிக்க வேளாண் இதழில் கட்டுரை வந்திருக்கிறது. அப்போது கையில் இல்லாதது, குற்றவாளியின் பெயர்.

அது கிடைத்தது 1986-ல், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில். சோள விதையை ஈரத் தாளில் முளைக்கவைத்து, சில நாள் கழித்து வேரை உருப்பெருக்கியில் பார்த்தால் அங்கே நெட்ஸ்லி, பட்லர் என்ற ஆய்வாளர்கள் கண்டதை யாரும் காணலாம். வேரைச் சுற்றி நுண்ணிய மயிர்கள். ஒவ்வொரு மயிர் நுனியிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு எண்ணெய்த் துளி. பக்கத்துத் துளியோடு சேர்ந்து அது பெரிதாகிக்கொண்டே போகும். அந்தத் துளிகளைக் கழுவி எடுத்துப் பார்த்தபோது, அதில் பெரும்பகுதி ஒரே ஒரு வேதிப்பொருளாக இருந்தது. ‘சோர்கோலியோன்’ என்று பெயர் வைத்தார்கள். இதை வேர்மயிர்கள் மட்டுமே தயாரிக்கின்றன. இலையிலும் தண்டிலும் தேடினால் கிடைக்காது.

சோர்கோலியோன் என்ன செய்கிறது? ஒளிச்சேர்க்கையில் எலெக்ட்ரான்கள் கைமாறும் பாதையில் ஒரு புரதம் இருக்கிறது. சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் நம் ஊர் உழவர்கள் அடிக்கும் அட்ரசின் மருந்து போய் உட்காருவதும் அதே புரதத்தில்தான். சோர்கோலியோனும் அதே நாற்காலியில் ஏறிக்கொள்கிறது. தனியாகப் பிரித்தெடுத்த பசுங்கணிகங்களில் சோதித்தபோது, பெயர்பெற்ற செயற்கைக் களைக்கொல்லிகளுக்கு அது எள்ளளவும் இளைத்ததாக இல்லை. போதாததற்கு, ஹெச்.பி.பி.டி. என்ற நொதியையும் முடக்குகிறது. அது முடங்கினால் பச்சையத்தை வெயிலிலிருந்து காக்கும் நிறமிகள் உருவாகாமல் முளை வெளுத்துப்போகும்.

இவ்வளவு வீரியம் இருந்தும் அது வேலை செய்வது முளைக்கும் பருவத்துச் சிறு களைகளிடம் மட்டும்தான். வளர்ந்த செடியின் வேரில் பட்டால் உள்ளே ஏறி இலைவரை போவதில்லை. சோளத்துக்கு அதுவே போதும். களை விதைகளில் பெரும்பாலானவை மேல்மண்ணில் ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்தில் முளைப்பவை. சோள வேர் ஓடும் இடத்தில் அன்றாடம் துளித்துளியாக ஊறிவரும் எண்ணெய், முளைவிட்ட புதிய வேரைத் தொட்டாலே காரியம் முடிந்தது.

ஆய்வுக் கட்டுரைகளிலேயே அடிக்கடி கண்டுகொள்ளாமல் விடப்படும் ஒரு சங்கதி இதில் இருக்கிறது. சோர்கோலியோன் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. சுரப்பது வேரில், கஷாயம் வைப்பதோ தட்டில். ஆகவே பைசலாபாத் அண்டாவில் கொதிப்பது சோர்கோலியோனாக இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. சோளத்தின் ‘நஞ்சு’ என்று அதன் புகழைப் பாடிவிட்டு, அடுத்த வரியிலேயே தட்டு ஊறிய தண்ணீருக்கு அந்தப் புகழை மாற்றிக்கொடுக்கும் எழுத்துகள் ஏராளம். சோர்காபில் இருப்பவை வேறு: ஃபெருலிக், வனில்லிக், கூமாரிக் போன்ற ஃபீனாலிக் அமிலங்கள். இவற்றோடு, இளஞ்சோளத்தில் மிகுதியாக இருக்கும் டுரின் என்ற பொருளையும் ஆய்வாளர்கள் சேர்த்துச் சொல்வார்கள். டுரின் உடைந்தால் சயனைடு வரும். கொழுந்துச் சோளத்தில் வாய்வைத்த மாடு துடித்து விழுவதைப் பார்த்த குடியானவர்களுக்கு அதன் பெயர் தெரியாவிட்டாலும் வேலை தெரியும். ஃபீனாலிக் அமிலங்கள் அவ்வளவு கொடியவை அல்ல. மண்ணில் விழுந்தால் நுண்ணுயிரிகள் சில நாட்களிலேயே அவற்றைத் தின்று தீர்த்துவிடுகின்றன.

தாவரச் சாறு பற்றிய கட்டுரைகளை நம்பத் தயங்குபவர்களின் முதல் கேள்வியும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. இந்தத் துறையின் வழக்கமான சோதனை இப்படி: ஒரு கண்ணாடித் தட்டு, அதில் வடிதாள், அதன்மேல் சாறு, சாற்றில் லெட்யூஸ் கீரை விதை. லெட்யூஸ் இரண்டே நாளில் முளைக்கும், சின்னத் தொந்தரவுக்கும் சுருண்டுவிடும் என்பதால் எல்லோருக்கும் அது செல்லம். பத்து சதவீதச் சாற்றில் விதை முளைக்கவில்லை என்றால் உடனே ஒரு கட்டுரை. ஆனால் அடர்த்தியான எந்தச் சாற்றிலும் உப்பும் சர்க்கரையும் இருக்கும்; அவை விதைக்குள் தண்ணீர் ஏறுவதையே தடுக்கும். நஞ்சே இல்லாத வைக்கோல் சாறுகூட அந்த அளவு செறிவில் முளைப்பைக் கெடுக்கலாம். அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள், அதே சவ்வூடுபரவல் அழுத்தம் உள்ள வெறும் கரைசலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீடு இல்லாத கட்டுரைகளின் எண்ணிக்கை கொஞ்சநஞ்சமல்ல.

வயலில் கண்ணால் கண்டதும் ஏமாற்றலாம். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா வட்டாரத்தில் சால்வியா என்ற மணமுள்ள புதர்களைச் சுற்றி ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் அகலத்துக்குப் புல் முளைக்காத வெற்று வளையம் இருக்கும். கொர்னேலியஸ் முல்லர் 1964-ல், புதரின் இலை விடும் ஆவிதான் புல்லைக் கொல்கிறது என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அழகான விளக்கம், பாடநூல்களில் ஏறியது. 1970-ல் அதே இதழில் புரூஸ் பார்த்தலோமியூ வேறொன்றைக் காட்டினார். வெற்று வளையத்தில் கம்பிக் கூண்டுகளை வைத்து எலி, முயல், பறவைகள் நுழையாமல் தடுத்ததும், கூண்டுக்குள் செடிகள் வளர்ந்தன. புதருக்குள் பதுங்கியிருக்கும் எலிகள் வெளியே வெகுதூரம் போக அஞ்சி, வாசலிலேயே மேய்ந்துவிட்டுத் திரும்பியதன் தடம்தான் அந்த வளையத்தின் பெரும்பகுதி. அல்லெலோபதி என்றாலே சூழலியலாளர்கள் பல ஆண்டுகளுக்குப் புருவம் உயர்த்தியதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

அந்தச் சந்தேகத்தை உருப்படியாகத் தீர்த்தது நெல். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ராபர்ட் டில்டே 1980-களில், விதைக் கருவூலத்திலிருந்த ஆயிரக்கணக்கான நெல் ரகங்களை நட்டுப் பார்த்தபோது, சிலவற்றைச் சுற்றி மட்டும் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் களையில்லாத வட்டம் இருப்பதைக் கவனித்தார். ஜப்பானியர் 1973-லேயே உமியிலிருந்து பிரித்த மோமிலாக்டோன் என்ற பொருளை நெல் வேரும் வெளியே விடுகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. சரி, வட்டத்துக்குக் காரணம் அதுதான் என்பதற்கு என்ன சாட்சி? 2012-ல் ஒரு குழு மோமிலாக்டோன் தயாரிக்கும் மரபணுவை முடக்கிய நெற்செடிகளை எடுத்து, குதிரைவாலி இனக் களையோடு வளர்த்தது. மற்றபடி அதே செடி, அதே தண்ணீர், அதே நிழல். மரபணு போனதும் களையை அடக்கும் திறனும் பெருமளவு போய்விட்டது. எலிமீது பழிபோட வழியில்லாத சோதனை.

சோர்காபுக்குத் திரும்புவோம். ஒரு ஹெக்டேருக்குத் தேவை 12 முதல் 18 லிட்டர் என்கின்றன சோதனைகள். நடுவில் 15 என்று வைத்துக்கொள்வோம். இருபது மடங்கு சுண்டியது என்பதால், அது 300 லிட்டர் ஊறல் தண்ணீரிலிருந்து வந்தது. அதற்கு வேண்டிய தட்டு 30 கிலோதான். ஆனால் 285 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். கொதிநிலைவரை சூடாக்கவும் ஆவியாக்கவும் சேர்த்து 73 கோடி ஜூலுக்கு மேல் வெப்பம். ஒரு கிலோ விறகு எரிந்தால் ஒன்றரைக் கோடி ஜூல்; நல்ல அடுப்பிலேயே அதில் ஐந்தில் ஒரு பங்குதான் அண்டாவுக்குள் போகும். கணக்குப் போட்டால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ கால் டன் விறகு. ஏக்கருக்கு நூறு கிலோ. முப்பது கிலோ தட்டுக்கு இருநூற்று ஐம்பது கிலோ விறகு!

இன்னொரு வேடிக்கை. அந்த 15 லிட்டரை அப்படியே தெளிக்க முடியாது; டேங்கில் தண்ணீர் கலந்துதான் அடிக்க வேண்டும். கோதுமைக்கு ஹெக்டேருக்கு 300 லிட்டர் தெளிப்பு என்பது வாடிக்கை. ஆகக் காய்ச்சி விரட்டிய தண்ணீரையே மறுபடி ஊற்றுகிறார்கள். காய்ச்சுவதால் சாறு புளிக்காமல் நிற்கும், தூக்கிச் செல்ல எளிது, வேறு மருந்தோடு கலக்கலாம் என்பதெல்லாம் உண்மை. தன் வயலிலேயே தயாரித்து மறுநாளே தெளிக்கும் குடியானவருக்கு அந்த அடுப்பே வேண்டாம். தொடக்ககாலச் சோதனைகளில் காய்ச்சாத பத்து சதவீத ஊறலைத்தான் தெளித்தார்கள்.

முப்பது கிலோவை ஒரு ஹெக்டேரில் பரப்பினால் சதுர மீட்டருக்கு மூன்று கிராம் தட்டின் சத்து வருகிறது. இதே பைசலாபாத் குழு, சாறு எடுக்காமல் சோளத்தட்டையே நறுக்கி ஹெக்டேருக்கு 2 முதல் 6 டன் வரை மண்ணில் கலந்தும் பார்த்தது. அது சதுர மீட்டருக்கு 200 முதல் 600 கிராம். களைக்குறைப்பு சாற்றைவிட ஒருபடி மேலாகவே இருந்தது. தட்டு மக்க மக்க ஃபீனாலிக் அமிலங்கள் சிறுகச்சிறுக இறங்கிக்கொண்டிருக்கும். நுண்ணுயிரிகள் தின்றாலும் பின்னால் அடுத்த தவணை வரும். சாறோ ஒரே நாள் விருந்தாளி. சோளத்தின் பலம் நஞ்சின் கொடுமையைவிட, விடாமல் அதே இடத்தில் சொட்டிக்கொண்டிருப்பதில் இருக்கிறது. பிழிந்து டேங்கில் ஊற்றும்போது அந்தப் பலம்தான் முதலில் கைவிட்டுப் போகிறது.

தட்டை மண்ணில் கலப்பதிலும் தொல்லை உண்டு. கொங்கு நாட்டிலோ விருதுநகர் கரிசலிலோ போய், மாட்டுக்கு வைத்திருக்கும் சோளத்தட்டுப் போரில் நாலு டன்னை உழவில் போடுங்கள் என்றால் சிரிப்பார்கள். அங்கே தட்டுதான் கோடைத் தீவனம். தழைச்சத்து குறைந்த தட்டை மக்கவைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணின் தழைச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், அடுத்த பயிர் வெளுத்து நிற்பதும் உண்டு. கூடவே, சோளத்தின் பொருட்களுக்குக் களை எது, பயிர் எது என்று தெரியாது. பெரிய விதைப் பயிர்கள் தாங்கும். எள், கீரை போன்ற பொடி விதைகள் அடிபடும். சோளத் தாளை மடக்கி உழுதபின் இரண்டு, மூன்று வாரம் பொறுத்து விதைத்தால் இந்தச் சேதம் பெரிதும் குறையும்.

ஆகவே பைசலாபாத் ஆய்வாளர்கள் போன வழி கலவை. சோளச் சாற்றோடு சூரியகாந்தி, கடுகினச் செடிகளின் சாற்றைச் சேர்த்தார்கள். அப்புறம், வழக்கமான களைக்கொல்லியின் அளவைப் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறைத்து, அதோடு சாற்றைக் கலந்து அடித்தார்கள். பருத்தியிலும் கோதுமையிலும், முழு அளவு மருந்துக்கு அருகில் வரும் பலன் கிடைத்ததாகப் பல சோதனைகள் சொல்கின்றன. கோரைக்கிழங்கு, வட்டச்சாரணை போன்ற நம் ஊர்க் களைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. செலவு குறையும், மண்ணில் நஞ்சு குறையும். கேட்க நன்றாகவே இருக்கிறது.

ஆனால் அரைகுறை அளவு மருந்துக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பால் நீவும் ஸ்டீபன் பவுல்ஸும் லோலியம் என்ற புல்லுக்குக் குறைந்த அளவு களைக்கொல்லியைத் தலைமுறைதோறும் அடித்து, தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் தங்களுக்குள் கலக்கவிட்டார்கள். 2005-ல் வெளியான முடிவின்படி, மூன்றே தலைமுறையில் முழு அளவையும் தாங்கும் புல் உருவாகிவிட்டது. கலவையில் உள்ள சாறு தப்பிப் பிழைப்பவற்றைப் போதுமான அளவு கொல்லாவிட்டால், ஹரியானா கதை இன்னொரு வயலில் திரும்ப நடக்கும். மருந்தைக் குறைக்கிறவர், மிஞ்சிய களையைக் கையாலோ கொத்தாலோ எடுத்தே ஆக வேண்டும்.

சாறு எடுக்காமல் மூலக்கூறை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 1977-ல் கலிஃபோர்னியாவில் ஸ்டாஃபர் நிறுவனத்தைச் சேர்ந்த ஓர் உயிரியலாளர், பாட்டில் பிரஷ் என்ற ஆஸ்திரேலிய அழகுச் செடியின் அடியில் களை குறைவாக இருப்பதைக் கண்டார். மண்ணிலிருந்து பிரித்த பொருளின் பெயர் லெப்டோஸ்பெர்மோன். களைகளை வெளுக்கவைத்தது, ஆனால் ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில் வேண்டியிருந்தது. வேதியியலாளர்கள் அதன் வடிவத்தைத் திருத்தித் திருத்தி மீசோட்ரையோன் என்ற மருந்துக்கு வந்துசேர்ந்தார்கள். 2001-ல் மக்காச்சோளத்துக்காகச் சந்தைக்கு வந்த அதற்கு ஹெக்டேருக்கு 100 முதல் 225 கிராம் போதும். அது முடக்குவதும் சோர்கோலியோன் முடக்கும் அதே ஹெச்.பி.பி.டி. நொதியைத்தான். செடியின் சரக்கு கம்பெனிப் பாட்டிலில் வந்தபின் நடந்ததும் வழக்கமான கதை: பத்தாண்டு தாண்டுவதற்குள் இல்லினாயிலும் அயோவாவிலும் அமரந்தஸ் இனக் களை ஒன்று அதை எதிர்த்து நிற்கத் தொடங்கியது.

மற்றவர்கள் செடியையே திருத்தப் பார்க்கிறார்கள். சீனாவில் கோங் சூய்ஹுவாவின் குழு, களையடக்கும் நெல்லை விளைச்சல் ரகங்களோடு கலந்து ‘ஹுவாகன் 3’ என்ற ரகத்தை உழவர் வயலுக்குக் கொண்டுவந்தது. களைக்கொல்லியே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. குறைவாகப் போதும் என்றார்கள். சோளத்திலும் ரகத்துக்கு ரகம் வேர் சுரக்கும் சோர்கோலியோன் பல மடங்கு மாறுகிறது; அதைத் தயாரிக்கும் மரபணுக்களில் பெரும்பாலானவை இப்போது தெரியும். கூடுதலாகச் சுரக்கும் ரகத்துக்கு இன்னொரு வரவும் உண்டு. ஜப்பானின் ஜிர்காஸ் ஆய்வு மையம் காட்டியபடி, மண்ணில் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களையும் சோர்கோலியோன் தடுக்கிறது. போட்ட யூரியா கழுவிப்போவது குறையும்.

அப்படியானால் சுரப்பை ஏற்றிவிட்டால் போதுமா? அங்கேதான் சுடுமல்லி குறுக்கே வருகிறது. சோள வேரில் ஒட்டி உறிஞ்சும் இந்த ஒட்டுண்ணிக் களையின் விதை தூசைவிடப் பொடியானது. பத்தாண்டுகளுக்கு மேலும் மண்ணில் கிடக்கும். பக்கத்தில் சோள வேர் வந்திருக்கிறது என்ற வேதித் தகவல் கிடைத்தால்தான் முளைக்கும். சோர்கோலியோன் கண்டுபிடிக்கப்பட்ட அதே 1986-ல், அதன் ஒடுக்கப்பட்ட வடிவம் சுடுமல்லியை முளைக்கத் தூண்டுகிறது என்று இன்னொரு கட்டுரை வந்தது. ஒரு பகைவனுக்கு நஞ்சாவது இன்னொரு பகைவனுக்கு அழைப்பிதழாகிறது. பிற்காலத்தில், வயலில் முக்கியத் தூண்டுகோல் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேறு வகைப் பொருட்களே என்று தெளிவானது. எத்தியோப்பியாவில் பிறந்து பர்டியூவில் பணியாற்றிய கெபிசா எஜெட்டா, இந்த அழைப்பைக் குறைவாக விடும் சோள ரகங்களைத் தேர்ந்தெடுத்துக் கலந்து, 1990-களில் ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு விதையாக அனுப்பினார்; 2009-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். அந்த ரகங்கள் ஏன் தப்புகின்றன என்பது 2017-ல் மரபணு அளவில் விளங்கியது. எல்.ஜி.எஸ்.1 என்ற ஒரு மரபணு கெட்டுப்போனதால், வேர் விடும் ஸ்ட்ரைகோலாக்டோன் வகையே மாறிவிடுகிறது. அந்தப் புதிய வகை சுடுமல்லி விதையை அவ்வளவாக எழுப்புவதில்லை. ஸ்ட்ரைகோலாக்டோனும் சோர்கோலியோனும் வெவ்வேறு மரபணுக்களின் வேலை என்பதால், ஒன்றை மாற்றி மற்றதை ஏற்றுவதற்குத் தாவர இனவிருத்தியாளர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது.